மோப்பம் பாய்க்குச் சளி பிடித்த திங்கட்கிழமை

உத்தமபாளையத்தில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதை, அந்த வீட்டு லேப்டாப்பை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய ஒரே மனிதர் மோப்பம் பாய்தான். நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் எங்கள் தெருவுக்கு வந்து விசாரித்துக்கொள்ளலாம். அங்கே கேட்டால் இதைவிடப் பெரிதாகத்தான் சொல்வார்கள்.

பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள்தான். ஆனால் தபால்காரரே "மோப்பம் பாய் கடைதான?" என்று கேட்டுத்தான் தபால் கொடுப்பார். மற்ற மெக்கானிக்குகள் லேப்டாப்பை ஆன் செய்து பார்ப்பார்கள். பாய் அதைத் திறந்து, கீபோர்டின் மேல் குனிந்து, கண்ணை மூடி நீளமாக ஒரு இழுப்பு இழுப்பார். பிறகு நிமிர்ந்து தீர்ப்புச் சொல்வார்.

"காப்பி கொட்டியிருக்கு. அதுவும் சீனி போடாத காப்பி. வீட்ல யாருக்குச் சுகரு?"

பாயின் கடைக்கு நேர் எதிரே உள்ள உரக்கடையில்தான் எனக்கு வேலை. யூரியா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தபடி இந்த நீதிமன்றத்தை நாள் முழுவதும் பார்க்கும் பாக்கியம் எனக்கு இருந்தது. ஒரு வாத்தியார் மனைவியோடு வந்து, லேப்டாப் சூடாகிறது என்றார். பாய் முகர்ந்தார். "சார், சிகரெட்ட விட்டுட்டதா வீட்ல சொல்லியிருக்கீகளோ?" என்று வெள்ளந்தியாகக் கேட்டார். லேப்டாப்பின் சூடு அன்று சாயங்காலமே சரியாகிவிட்டது. வாத்தியார் வீட்டுச் சூடு தணிய ஒரு மாதமாவது ஆகியிருக்கும்.

போடியிலிருந்து ஒரு ஏலக்காய் வியாபாரி கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாய் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "மூட்டைக்குப் பக்கத்துல வச்சிருக்கீக. காத்தாடி பூரா தூசி. போன வருசத்துச் சரக்கு, இன்னும் விக்கலையோ?" என்றார். அந்த மனிதர் கம்ப்யூட்டரை மறந்துவிட்டு, சரக்குத் தரம் பார்க்க என்னோடு வந்துவிடுங்கள் என்று கெஞ்ச ஆரம்பித்தார். "மூக்க வாடகைக்கு விடறதில்லண்ணே" என்று சொல்லி அனுப்பிவிட்டார் பாய்.

எப்போதும் சரியாகச் சொல்லிவிடுவார் என்றும் கிடையாது. ஒருமுறை "உள்ள எலி செத்துக் கிடக்கு" என்று சொல்லி ஒரு கம்ப்யூட்டரைத் திருகாணி திருகாணியாகக் கழற்றிப் போட்டார். எலி இல்லை. வாடிக்கையாளரின் பையில் கருவாடு இருந்தது. பாய் அசரவில்லை. "கருவாட்டு வாசத்துக்கு எலி வெளிய ஓடிருச்சு" என்று சொல்லிவிட்டுத் திருகாணிகளை மாட்ட ஆரம்பித்தார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எதையும் வலது பக்கத்தில்தான் தொடங்குவார். கடைக்குள் வலது காலை வைப்பார். திருப்புளியை வலது கையில் எடுப்பார். "பிஸ்மில்லா" சொல்லி பென் டிரைவை லேப்டாப்பின் வலது பக்கத்தில்தான் சொருகுவார். இடது பக்கத்துத் துளை மௌசுக்கு மட்டும் என்பது அவர் சட்டம். ஏன் என்று கேட்டவனை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்ட மூக்குக்கு ஒரு மார்கழித் திங்கட்கிழமை சளி பிடித்தது. பிடித்ததுதான் பிடித்தது, என் தங்கை பவானியின் வாழ்க்கை அந்த மூக்கை நம்பி நின்ற நாளாகப் பார்த்துப் பிடித்தது.

பவானி கல்யாணத்துக்கு முன்பு கோயம்புத்தூரில் வேலை பார்த்தவள். கல்யாணத்தோடு வேலை நின்றது, இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். திரும்ப வேலைக்குப் போக வேண்டும் என்று அவள் வாயெடுத்த போதெல்லாம் "இனிமே எதுக்கு?" என்றுதான் சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அவள் மாமியார் பேச்சியம்மா மட்டும், "நீ போ ஆத்தா, பிள்ளைகள நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனையோ இடங்களில் விண்ணப்பித்து, கடைசியில் சென்னைக் கம்பெனி ஒன்றில் கிடைத்தது. வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களிடம் போனில் பேசிப் பிரச்சினைகளைத் தீர்த்துவைக்கிற வேலை. ஒரே நிபந்தனை, திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்குச் சொந்த லேப்டாப்போடு இணையத்தில் வர வேண்டும். அவர்கள் லேப்டாப்பைச் சோதிப்பார்கள், குரலைச் சோதிப்பார்கள். அந்த நேரத்தில் வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

மாப்பிள்ளை பிக்கப் வண்டியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போகிறவர். அங்கேதான் லேப்டாப் வாங்கினார். ஆபரேட்டிங் சிஸ்டம் போடாத லேப்டாப் என்றால் விலை குறையும் என்று கடைக்காரர் சொல்ல, "அத நம்ம மோப்பம் பாய் போட்டுருவாரு" என்று வாங்கி வந்துவிட்டார். வந்து சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை இருட்டிய பிறகு. விடிந்ததும் அவர் அடுத்த லோடுக்குக் கிளம்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் பவானியும் பேச்சியம்மாவும் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். நானும் எங்கள் முதலாளியிடம் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் போனேன். பாய் கழுத்தில் மப்ளரும் கண்ணில் நீருமாக உட்கார்ந்திருந்தார்.

"உடம்பு சரியில்லையா பாய்?" என்றாள் பவானி.

"லேசா காய்ச்சல். அதுக்கு என்ன, கொண்டாங்க" என்று வாங்கி, வழக்கம்போல் குனிந்து ஒரு இழுப்பு இழுத்தார். கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார். பிறகு நிமிர்ந்து, "புதுசு. சுத்தமா இருக்கு. சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிச்சிருவோம்" என்றார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவர் தீர்ப்புகளில் இவ்வளவு சின்னத் தீர்ப்பை நான் கேட்டதே இல்லை.

பிஸ்மில்லா சொல்லி வலது பக்கம் பென் டிரைவைச் சொருகினார். லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "புது மிசினு, வெளியாள உள்ள விடாது. காவலத் தளர்த்தணும்" என்றவர், ஏதோ பட்டனைத் தட்டித் தட்டி உள்ளே போய் ஓர் அமைப்பை மாற்றினார். திரை நீலமாக ஒளிர்ந்தது. பவானி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மொழி கேட்டது, கொடுத்தார். 'இன்ஸ்டால்' என்பதை அழுத்தினார்.

திரையில் ஒரு பெட்டி வந்தது. தேவையான டிரைவர் ஒன்றைக் காணவில்லை, அதைக் கொடுத்தால்தான் மேலே போக முடியும் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அதாவது, லேப்டாப்பின் ஏதோ ஓர் உறுப்பை அடையாளம் காட்டுகிற சின்ன மென்பொருள் இல்லையாம். எந்த உறுப்பு என்று அது சொல்லவில்லை.

"பென் டிரைவு பழசு" என்று வேறொன்றை எடுத்து வலது பக்கம் சொருகினார் பாய். அதே பெட்டி. "டிஸ்க்கு தெரியல போல" என்று அதற்கான டிரைவரைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அதே பெட்டி. "ஃபைலே கெட்டுப்போச்சோ என்னமோ" என்று தன் பழைய கம்ப்யூட்டரில் முழுசையும் மறுபடி இறக்க ஆரம்பித்தார். அது ஊர்ந்து ஊர்ந்து வந்துகொண்டிருந்தபோது கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பாம். சாயங்காலம்தான் வருமாம். இன்வெர்ட்டர் இருந்ததால் கம்ப்யூட்டர் அணையவில்லை. பாய் மட்டும் இரண்டு தடவை "யா அல்லா" என்றார்.

பேச்சியம்மா காலையிலிருந்து ஒரு நிலையில் இல்லை. எழுந்து எட்டிப் பார்ப்பார், உட்காருவார், மறுபடி எழுந்திருப்பார். "பாய், அதுக்கு உசுரு இருக்குல்ல?" என்று கேட்டார்.

"இருக்கும்மா. பேசத்தான் மாட்டேங்குது."

"வீரபாண்டி மாரியாத்தாளுக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன்."

"எடுங்கம்மா. எதுக்கும் கொஞ்சம் தள்ளி உக்காருங்க, இங்கன வயரா கெடக்கு."

புது ஃபைலும் வந்தது, புது பென் டிரைவில் ஏறியது, வலது பக்கம் சொருகியதும் அதே பெட்டியும் வந்தது. மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. பவானி கம்பெனிக்குப் போன் போட்டு, ஒரு நாள் அவகாசம் கிடைக்குமா என்று கேட்டாள். எதிர்முனையில் ஒரு பெண் மரியாதையாகத்தான் பேசினார். மூன்று மணி என்றால் மூன்று மணி, காத்திருப்போர் நிறைய என்றார். பவானி போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

"விடுங்கண்ணே. எல்லாரும் சொன்னதுதான். இனிமே எதுக்கு" என்றாள் என்னிடம்.

அதைக் கேட்டதும் பாய் திருப்புளியைக் கீழே வைத்தார். மப்ளரை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு, குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மாதிரி எங்களைப் பார்த்தார்.

"ஒரு விசயம் சொல்லணும். யாருகிட்டயும் சொல்லப்படாது. காலையில மோந்து பாத்தேன்ல, எனக்கு ஒண்ணுமே தெரியல. இன்னிக்கு விடிஞ்சதுல இருந்து மூக்கே இல்ல."

"அப்பறம் சுத்தமா இருக்குன்னு சொன்னீக?" என்றேன்.

"வேற என்னத்தச் சொல்றது? பேரு அப்படி ஆகிப்போச்சு."

கோபம் வந்தது எனக்கு. ஆனால் கோபப்பட நேரமில்லை. பேச்சியம்மா அதற்குள் பக்கத்து டீக்கடை அடுப்பில் விரலி மஞ்சளைச் சுட்டுக்கொண்டு ஓடி வந்தார். பாய் அந்தப் புகையை இழுத்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. இருமல் வந்தது. தும்மலில் மேஜை மேலிருந்த திருகாணிகள் நாலாபக்கமும் பறந்தன. மூக்கு மட்டும் திறக்கவில்லை.

"சரி, எனக்குப் பதிலா நீங்க மோந்து சொல்லுங்க" என்றார் பாய், கண்ணைத் துடைத்துக்கொண்டே. முதலில் நான் குனிந்தேன். பூச்சிமருந்து டப்பாக்களோடு பத்து வருஷம் குடும்பம் நடத்திய மூக்குக்கு லேப்டாப்பும் ஒன்றுதான், வேப்பம் பிண்ணாக்கும் ஒன்றுதான். எல்லாம் பொட்டாஷ் மாதிரியே இருந்தது. பாய் என்னைத் தள்ளிவிட்டுப் பேச்சியம்மாவைப் பார்த்தார்.

"எனக்கு மூக்குத்திப் புண்ணு. நான் மோக்கமாட்டேன்" என்று பேச்சியம்மா நாலடி பின்னால் போனார். அவர் மூக்குத்தி போட்டு நான் பார்த்ததில்லை.

பவானி குனிந்து முகர்ந்தாள். "ஒண்ணும் இல்ல பாய். புதுச் சாமான் வாசம்தான்."

"புதுச் சாமான் வாசம்னா? பிளாஸ்டிக்கா? ரப்பரா?"

"இல்ல, எப்பவும் வருமே, அந்த வாசம். சந்தன வாசம்."

பாய் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"ஏம்மா, எந்தக் கம்பெனிக்காரன் சந்தனம் தடவி லேப்டாப்பு விக்கிறான்?"

பவானி விழித்தாள். அவள் வீட்டுக்கு எந்தப் புதுச் சாமான் வந்தாலும், மருந்து தெளிக்கிற ஸ்பிரேயர், கிரைண்டர், மாப்பிள்ளையின் பிக்கப் வண்டி, எதுவானாலும் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் உள்ளே போகாது. புதுச் சாமான் என்றாலே அவளுக்கு அந்த வாசம்தான். இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மெதுவாகத் தலையைத் திருப்பி மாமியாரைப் பார்த்தாள்.

"அத்தை. லேப்டாப்புக்குப் பொட்டு வைக்காதீக, ஈரம் பட்டாக் கெட்டுரும்னு நேத்தே சொன்னேன்ல?"

பேச்சியம்மா முந்தானையைத் திருகிக்கொண்டே நின்றார். "நீ சொன்ன. அதுக்காக? ஏழு வருசம் கழிச்சு எம் மருமக வேலைக்குப் போறா, ஒரு பொட்டு வைக்காம எப்படி அனுப்புறது? காலையில நீ குளிக்கையில லேசா வச்சேன். நீ திட்டுவன்னு மேலாப்புல தொடச்சிட்டேன்."

"எங்கன வச்சீக?" என்றார் பாய்.

"ஸ்பிரேயருக்கு எங்கன வைப்போம், வாயிலதான? இதுக்கும் வாயி எங்கனன்னு பாத்தேன். பக்கத்துல சின்னதா ஒண்ணு தொறந்திருந்துச்சு. அங்கனதான்."

"எந்தப் பக்கம்?"

"இதென்ன கேள்வி பாய்? நல்ல காரியத்துக்கு வலது பக்கம்தான்."

பாய் டார்ச்சை எடுத்து வலது பக்கத்துத் துளைக்குள் அடித்தார். நாங்களும் எட்டிப் பார்த்தோம். உள்ளே சந்தனம் காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருந்தது. பென் டிரைவ் பாதி பட்டும் பாதி படாமலும் இருந்திருக்கிறது. முதல் திரை வரைக்கும் இழுத்துப் பிடித்து, வேலை தொடங்கியதும் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. லேப்டாப்பும் காலையிலிருந்து அதைத்தான் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இடது பக்கத்துத் துளை பளபளவென்று காலியாக இருந்தது. காலையிலேயே அதில் சொருகியிருந்தால் பத்து மணிக்கு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஓர் அம்மாவுக்கும் ஒரு பாய்க்கும் வலது பக்கத்தின் மேல் இருந்த பக்தி, என் தங்கையின் வேலையைக் காவு வாங்கப் பார்த்தது.

பாய் பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு இடது பக்கத்தைப் பார்த்தார். தயங்கினார். அவர் தயங்கியதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாய், மணி ரெண்டாகப் போகுது!"

"இருப்பா உரக்கடை. அல்லா மன்னிப்பான்" என்று முணுமுணுத்து, பிஸ்மில்லா சொல்லி இடது பக்கம் சொருகினார்.

இந்த முறை பெட்டி வரவில்லை. சதவீதம் ஏற ஆரம்பித்தது. நாங்கள் நாலு பேரும் மூச்சைக்கூட மெதுவாக விட்டோம். லேப்டாப் தானாக அணைந்து தானாக எழுந்தது. பேச்சியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த திரை வந்தது. இணையத்தோடு இணைக்கச் சொன்னது. வைஃபை இருக்கிற அடையாளமே அதற்குத் தெரியவில்லை. வைஃபை டிரைவர் இணையத்தில் இருந்தது, இணையத்துக்குப் போக வைஃபை டிரைவர் வேண்டும். இணைக்காமல் அந்தத் திரையைத் தாண்டவும் விடவில்லை. பவானி மறுபடி சுவரைப் பார்த்தாள்.

பாய் யோசிக்கவே இல்லை. பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுத் தன் போனை ஒயரால் அதே இடது பக்கத்தில் மாட்டினார். போனின் இணையம் ஒயர் வழியாக லேப்டாப்புக்குள் இறங்கியது. இறங்கும்போதே போன் அடித்தது. பழைய போன் அது, அழைப்பை எடுத்தால் இணையம் அறுந்துவிடும். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து வந்த அழைப்பை எடுக்காமல் விட்டதே இல்லை என்று பெருமை பேசுகிற மனிதர் அவர். அன்று ஒவ்வொரு அழைப்பையும் வெட்டினார். வெட்டும்போதெல்லாம் "மன்னிச்சுக்கங்க" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். நடுவில் அவர் வீட்டிலிருந்தும் அழைப்பு வந்தது. மாத்திரை போட்டாரா என்று கேட்கத்தான் இருக்கும். அதையும் வெட்டினார்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் எல்லாம் உட்கார்ந்தது. இன்வெர்ட்டரில் ஓடிய எங்கள் உரக்கடை வைஃபையும் கிடைத்துவிட்டது. வீட்டுக்குப் போக நேரமில்லை, அங்கேயே பேச வேண்டியதுதான். பவானிக்குப் பின்னால் செத்துப்போன கீபோர்டுகளும் ஒயர்களும் தொங்கிக்கொண்டிருந்தன. பாய் அலமாரியைத் திறந்து, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கென்று சலவை செய்து வைத்திருந்த வேட்டியை எடுத்து, அவளுக்குப் பின்னால் திரையாகக் கட்டினார்.

திரையில் கம்பெனிப் பெண் வந்தார். லேப்டாப்பைச் சோதித்தார், சரி என்றார். "அடுத்து வாய்ஸ் டெஸ்ட். பேக்ரவுண்ட்ல சத்தம் இருந்தா எடுக்க முடியாதுங்க. கஸ்டமருக்குக் கேட்கும்" என்றார்.

கடைக்குக் கதவு கிடையாது. தெருவோரம் இரும்பு ஷட்டர் மட்டும்தான். அதை இழுத்தால் பக்கத்து ஊர் கம்பம் வரைக்கும் கேட்கும். வெளியே தூரத்தில் வெங்காய ஆட்டோவின் ஒலிபெருக்கி வந்துகொண்டிருந்தது.

பாய் சத்தமில்லாமல் இறங்கி வெளியே போனார். நானும் போனேன். அவர் தெரு நடுவில் போய் நின்று இரண்டு கையையும் விரித்தார். வெங்காய ஆட்டோ நின்றது. பாய் உதட்டில் விரலை வைத்துக் கடையைக் காட்டினார். அழுது சிவந்த மாதிரி இருந்த அவர் கண்ணைப் பார்த்துவிட்டு, டிரைவர் ஒலிபெருக்கியை அணைத்துத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"யாரு பாய் மௌத்து?" என்று மெல்லக் கேட்டார்.

பாய் மறுபடி உதட்டில் விரலை வைத்தார். டிரைவர் இறங்கி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பின்னால் வந்த புல்லட்காரர் வண்டியை அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். டீக்கடைக்காரர் போனில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டு வந்தார். எங்கள் முதலாளியும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் தெருவே துக்கத்தோடு கூடிவிட்டது. யார் போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை, கேட்கவும் பயம். அந்த அமைதியில் கடைக்குள்ளிருந்து பவானியின் குரல் மட்டும் கேட்டது. "வணக்கம், பவானி பேசுறேன். உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?"

பாய் வெயிலில் அசையாமல் நின்றார். காய்ச்சலில் உடம்பு நடுங்கியது. நிழலுக்கு வாங்க என்று இழுத்தேன். கையை உதறிவிட்டார். தும்மல் வந்தபோது மப்ளரை வாயில் திணித்து அடக்கிக்கொண்டார்.

பவானி வெளியே வந்தாள். ஆளாளுக்குத் துண்டைக் கையில் பிடித்தபடி தெருவே நிற்பதைப் பார்த்துத் திகைத்தாள். முகமெல்லாம் கண்ணீராக இருந்ததால் கூட்டம் இன்னும் பயந்தது.

"அண்ணே, கிடைச்சிருச்சுண்ணே" என்றாள்.

நான் ஓரடி முன்னால் வைத்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய், தெரு நடுவில் நடுங்கிக்கொண்டிருந்த பாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை அவரைப் பாய் என்று மட்டுமே கூப்பிட்டவள். கூடப் பிறந்தவன் நான் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை. அவள் சரியான ஆளைத்தான் கூப்பிட்டாள்.